தாழியின் பிரதி தாழியாகுமா? முப்பரிமாண வருடலும் அச்சும் எடுப்பவை, விடுபவை

தூத்துக்குடி மாவட்டத்துப் பழங்கால ஈமக்காடான ஆதிச்சநல்லூரைப் பற்றிய பேச்சு செய்தியில் அடிபடும்போதெல்லாம் ஒரு பழைய மனக்குறையும் சேர்ந்தே எழுகிறது. 1876-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஜாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. தாமிரபரணிக் கரையில் பொருள்கள் கிடைத்த ஊரிலோ நெடுங்காலம், இறந்தவர்களை இட்டுப் புதைத்த பெரிய பானைகளான தாழிகளின் உடைந்த ஓடுகள் மட்டுமே கிடந்தன. இப்போது இந்தக் குறைக்கு ஒரு தீர்வாக, "எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இங்கேயே அச்சிட்டு வைத்துக்கொள்ளலாமே" என்று சிலர் சொல்கிறார்கள். அச்சிட்டது பொம்மைதான், அதை வைத்து என்ன செய்வது என்பது மறுதரப்பின் வாதம். 2025-இல் கீழடியை ஒட்டிய கொந்தகையில் கிடைத்த மண்டையோடுகளுக்குக் கணினி வழியாக முகம் அமைத்து வெளியிட்டபோதும் இதே இரண்டு குரல்கள் கேட்டன.

இரு தரப்பும் ஒரு படியைத் தாண்டிப் பேசுகின்றன. வருடி, அதாவது ஸ்கேனர், எதை அளக்கிறது, அளக்காத இடத்தை எது நிரப்புகிறது, அச்சுப்பொறி அதில் எவ்வளவைக் கொண்டுவருகிறது என்ற மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் பிரதியின் மதிப்பைச் சொல்ல முடியும். இந்தக் கட்டுரை ஒரு தாழி, ஒரு பல்சக்கரம், ஒரு சிலை ஆகியவற்றை வைத்து அந்தக் கணக்கைப் பார்க்கிறது.

தொட்டு எடுத்ததும் தொடாமல் எடுப்பதும்

பொருளுக்குப் பிரதி எடுப்பது புதிய வேலையே இல்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸையோ ரப்பரையோ பொருளின் மேல் பூசி, காய்ந்ததும் கழற்றி, அந்த அச்சுக்குள் வேறொன்றை ஊற்றி எடுப்பது நெடுங்காலமாக அருங்காட்சியகங்களில் நடந்துவருகிறது. அதில் வடிவம் மிகத் துல்லியமாகக் கிடைக்கும். விரல் ரேகைகூடப் பதியும். ஆனால் அச்சு பொருளைத் தொடுகிறது, ஒட்டுகிறது, கழற்றும்போது இழுக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணில் ஊறிய சுடுமண் ஓட்டின் மேல் ரப்பரைப் பூசிக் கழற்றினால், மேல்பூச்சும் சேர்ந்து உரிந்து வரக்கூடும்.

வருடலின் முதல் பயன் அது பொருளைத் தொடுவதில்லை என்பதுதான். இரண்டாவது பயன், கிடைப்பது எண்களாக இருப்பதால் அதைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், இன்னொரு ஊருக்கு நொடியில் அனுப்பலாம், பத்தாண்டு கழித்து அதே பொருளை மறுபடி வருடி எங்கே தேய்ந்திருக்கிறது என்று ஒப்பிடலாம். பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்று அறிஞர் 2010 வாக்கில் லேசர் கொண்டு நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாக அளந்து வைத்திருந்தார். 2019 ஏப்ரலில் அதன் கூரை எரிந்து விழுந்தபோது, அளவெடுத்தவர் அப்போது உயிரோடு இல்லை, அளவு இருந்தது.

வருடும் முறைகள்

வருடி பார்ப்பது பொருளை அல்ல, பொருளின் மேல்பரப்பிலுள்ள புள்ளிகளை. ஒவ்வொரு புள்ளிக்கும் நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண்கள் கிடைக்கும். கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்தது புள்ளித்திரள். அதை எடுக்க நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு.

1. புகைப்பட அளவையியல். இதற்குத் தனிக் கருவி தேவையில்லை. நல்ல கேமரா போதும். ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி ஒரு கண்ணை மூடித் திறந்தால் விரல் நகர்வதுபோல் தோன்றும். அருகில் இருந்தால் அதிகமாகவும் தொலைவில் இருந்தால் குறைவாகவும் நகரும். அந்த நகர்வை வைத்துத் தொலைவைக் கணக்கிடுவதே இம்முறை. ஒரு தாழியைச் சுற்றிப் பத்துப் பாகைக்கு ஒரு படமாக 36 படங்கள், கீழ், நடு, மேல் என்று மூன்று வட்டங்கள், ஆக 108 படங்கள். வாய்க்குள்ளும் அடிப்பக்கமும் தனியாக. அடுத்தடுத்த படங்களில் மூன்றில் இரண்டு பங்கு பொதுவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் ஒன்றோடொன்றைப் பொருத்த முடியாமல் திணறும். இம்முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பொருள் ஒரு மீட்டர் உயரமா பத்து சென்டிமீட்டர் உயரமா என்று கணினிக்குத் தெரியாது. அளவு தெரிந்த ஒரு அளவுகோலைப் பொருளுக்கு அருகில் வைத்துப் படமெடுக்க மறந்தால், வடிவம் சரியாக இருக்கும், அளவு கற்பனையாகிவிடும்.

2. கோட்டொளி வருடல். கருவி, பொருளின் மேல் வரிவரியாக ஒளியைப் பாய்ச்சும். புடைப்பிலும் பள்ளத்திலும் வரி வளைவதைப் பக்கத்திலிருக்கும் கேமரா பார்த்து மேடு பள்ளத்தைக் கணக்கிடும். நல்ல கருவியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நுணுக்கம் கிடைக்கும். பானை, காசு, கையடக்கச் சிலை போன்றவற்றுக்கு இதுவே பொருத்தம்.

3. லேசர் தொலைவளவை. ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளந்து தொலைவைச் சொல்வது. பத்து மீட்டருக்கு அப்பாலுள்ள தூணுக்கு ஒளி போய்த் திரும்ப ஒரு நொடியைப் பத்துக் கோடிக் கூறாக்கினால் சுமார் ஏழு கூறுதான் ஆகும். கோபுரம், மண்டபம், அகழாய்வுக் குழி ஆகியவற்றுக்கு இது. நுணுக்கம் மில்லிமீட்டர் கணக்கில்தான்.

4. சி.டி. ஸ்கேன். மருத்துவமனையில் எடுப்பதுதான், எக்ஸ் கதிர் ஊடுருவுவதால் உள்ளேயும் தெரியும். கொந்தகை மண்டையோடுகளின் வடிவம் இவ்வாறுதான் எடுக்கப்பட்டது. மண் நிறைந்த பெரிய தாழிக்கு மருத்துவமனைக் கருவியின் ஆற்றல் போதாது. தொழிற்சாலைகளில் வார்ப்புகளைச் சோதிக்கப் பயன்படும் கருவிதான் வேண்டும்.

முதல் மூன்று முறைகளுக்கும் பொதுவான விதி ஒன்று: கண்ணுக்குத் தெரியாத இடம் வருடிக்கும் தெரியாது. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையிலுள்ள கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலுக்குப் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாயக்கர் காலத்து அந்தத் தூண் சிற்பங்களில் உடலை விட்டு விலகி நிற்கும் கை, கைக்கும் இடுப்புக்கும் இடையே ஊடுருவிச் செல்லும் வெளி, அணிகலனுக்கும் தோலுக்கும் நடுவே உளி நுழைந்த சந்து என்று கல்லைக் குடைந்து குடைந்து வேலை செய்திருக்கிறார்கள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஏதோ ஒன்று இன்னொன்றை மறைக்கும். சிற்பியின் உளி போன இடத்துக்கு ஒளி போகவில்லையென்றால், அந்த இடம் திரளில் வெற்றுப் பொத்தலாக நிற்கும்.

அடுத்த தொல்லை நிறமும் பளபளப்பும். எண்ணெய்க் காப்பு ஏறிக் கறுத்துப் பளபளக்கும் கருங்கல் ஒளியை விழுங்கவும் செய்யும், கண்ணாடிபோல் வேறு திசைக்குத் திருப்பவும் செய்யும். இரண்டுமே வருடிக்கு ஆகாது. தொழிற்சாலைகளில் இத்தகைய பரப்பின் மேல் வெள்ளைப் பொடியைத் தெளித்துவிட்டு வருடுவார்கள். தொல்பொருளின் மேலும் வழிபாட்டில் உள்ள திருமேனியின் மேலும் அதைச் செய்யக் கூடாது.

புள்ளியிலிருந்து பரப்புக்கு

புள்ளித்திரளை அப்படியே அச்சிட முடியாது. புள்ளிகளை மூன்று மூன்றாக இணைத்துச் சிறு முக்கோணங்களாக்கி, அவற்றால் ஒரு தோல் போர்த்த வேண்டும். இதை வலைப்பரப்பு எனலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 90 சென்டிமீட்டர் உயரமும் 60 சென்டிமீட்டர் வயிற்று விட்டமும் உள்ள ஒரு தாழியின் வெளிப்பரப்பு ஏறத்தாழ 14,000 சதுர சென்டிமீட்டர். அரை மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்தால் 56 லட்சம் புள்ளிகள், சுமார் 1 கோடியே 12 லட்சம் முக்கோணங்கள். எஸ்.டி.எல். என்ற பரவலான கோப்பு வடிவத்தில் முக்கோணம் ஒன்றுக்கு 50 பைட். ஆக 560 எம்.பி. பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் அதே தாழி 14 ஜி.பி. ஆகிவிடும். நுணுக்கத்தை ஐந்து மடங்கு கூட்டினால் கோப்பு இருபத்தைந்து மடங்கு பெருக்கிறது.

எனவே எல்லோரும் ஏதோ ஓர் இடத்தில் நுணுக்கத்தைக் கைவிடுகிறார்கள். வலையைச் 'சுருக்கு' என்று மென்பொருளிடம் சொன்னால், சமதளமான இடத்தில் முக்கோணங்களைக் குறைத்து வளைவான இடத்தில் வைத்துக்கொள்ளும். பானை ஓட்டில் சமதளம்போல் தெரிவது சில நேரம் கீறல் குறியீடாக இருக்கும் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. 2004-05 அகழாய்வில் ஆதிச்சநல்லூரில் கிடைத்த ஒரு தாழி ஓட்டில் பெண், மான், முதலை, கொக்கு ஆகிய உருவங்கள் மண் இழை ஒட்டிப் புடைப்பாக அமைக்கப்பட்டிருந்தன. அந்தப் புடைப்பு வலையில் தப்பிவிடும். அதைவிட மெலிதான, விரலால் இழுத்த தடம் தப்புமா என்பது சுருக்கியவர் வைத்த அளவைப் பொறுத்தது.

பொத்தல்களை அடைக்கும் வேலையும் இங்கேதான் நடக்கிறது, பார்ப்பவர் அறியாமல் நடப்பதும் இதுதான். அச்சுப்பொறிக்குத் தண்ணீர் ஒழுகாத, முழுதும் மூடிய பரப்பு வேண்டும். சுற்றிலும் உள்ள வளைவை நீட்டிப் பொத்தலை மென்பொருள் மூடிவிடும். மூடிய இடமும் அளந்த இடமும் திரையில் ஒரே சாம்பல் நிறத்தில்தான் தெரியும். தாழியின் வாய் விளிம்பில் கால்வாசி உடைந்துபோயிருந்தால், மீதி முக்கால்வாசியைச் சுழற்றி நிரப்பலாம். சக்கரத்தில் வனைந்த பானை வட்டமானது என்பதால் அந்த ஊகம் நியாயமானதே. சிலையின் உடைந்த மூக்கை அப்படி நிரப்ப எந்த நியாயமும் இல்லை.

கொந்தகை முகங்களையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எலும்பு அளக்கப்பட்டது. அதன் மேல் போர்த்திய தசையின் கனம் இன்றைய மனிதர்களிடம் எடுத்த சராசரிகளிலிருந்து வந்தது. தோல் நிறத்தையும் கண் நிறத்தையும் எலும்பின் வடிவம் சொல்லாது. ஆகவே "இது அறிவியலா, ஓவியமா" என்ற சண்டையில் இரண்டு பேருமே பாதி சரி: தாடையின் அகலம் முந்தையது, உதட்டின் கனம் பிந்தையது.

இன்னொரு சிறு விஷயம், பட்டறைகளில் அடிக்கடி வம்பாவது. எஸ்.டி.எல். கோப்பில் அலகு கிடையாது, நிறமும் கிடையாது. 90 என்று எழுதியிருந்தால் அது மில்லிமீட்டரா சென்டிமீட்டரா அங்குலமா என்று கோப்பு சொல்லாது. அங்குலத்தில் வரைந்ததை மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டு, உள்ளங்கையளவு பாகம் மிளகளவாக வந்து விழுந்த கதைகள் ஏராளம்.

அச்சு: கடைசலுக்கு நேர் எதிர்

அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானைக் கடைசல் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அச்சின் அடிப்படையைச் சொல்வது எளிது. கடைசலில் மரக்கட்டையைச் சுழலவிட்டு, வேண்டாததைச் சீவி எறிந்தபின் மிஞ்சுவது சொப்பு. முப்பரிமாண அச்சில் வெறும் தட்டில் தொடங்கி, வேண்டிய இடத்தில் மட்டும் பொருளை அடுக்கடுக்காக வைத்துக்கொண்டே போனால் மிஞ்சுவது வடிவம். உருவத்தைக் கிடைமட்டமாக நூற்றுக்கணக்கான அடுக்குகளாக அறுத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் முனை போகவேண்டிய பாதையை வகுப்பது ஸ்லைசர் என்ற மென்பொருளின் வேலை.

இதில் முதல் வணிக முறையான, திரவப் பிசினை ஒளியால் இறுகவைக்கும் முறைக்குச் சக் ஹல் 1984-இல் விண்ணப்பித்து 1986-இல் காப்புரிமை பெற்றார். பிளாஸ்டிக் இழையை உருக்கி வைக்கும் முறை ஸ்காட் கிரம்ப்புடையது; அதன் அடிப்படைக் காப்புரிமை 2009-இல் காலாவதியானது. லட்சக்கணக்கில் விற்ற பொறி ஆயிரக்கணக்குக்கு இறங்கி, கல்லூரி ஆய்வகத்துக்கும் சிறு பட்டறைக்கும் வந்து சேர்ந்ததற்குக் கண்டுபிடிப்பைவிட இந்தக் காலாவதியே பெரிய காரணம்.

இழை முறையில் 1.75 மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் இழை சுமார் 200 பாகை செல்சியசில் உருகி, 0.4 மில்லிமீட்டர் துளை வழியாக வெளிவரும். அடுக்கின் உயரம் பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர், வளைந்த பரப்பில் அது படிக்கட்டுபோல் வரிவரியாகத் தெரியும். பிசின் முறையில் அடுக்கு 0.05 மில்லிமீட்டர்தான், வரி கண்ணுக்கு எளிதில் தெரியாது; ஆனால் பிசினை வெறுங்கையால் தொடக் கூடாது, அச்சிட்டதை ஆல்கஹாலில் கழுவிப் புற ஊதா ஒளியில் மறுபடி இறுக்க வேண்டும். நைலான் பொடியையும் உலோகப் பொடியையும் லேசரால் உருக்கி இணைக்கும் முறைகளும் உண்டு; அவை பெரிய தொழிற்சாலைகளின் செலவுக் கணக்கில் வருபவை.

இப்போது தாழிக்கு வருவோம். மேசைமேல் வைக்கும் பொறியில் அச்சிடும் இடம் ஒரு சாண் கனசதுரம்தான் என்பதால் 90 சென்டிமீட்டர் தாழியைப் பல துண்டுகளாக அறுத்து அச்சிட்டு ஒட்ட வேண்டும். அசலைப்போல் சுவர் இரண்டு சென்டிமீட்டர் கனம் என்றால் 28,000 கன சென்டிமீட்டர் பிளாஸ்டிக், அதாவது சுமார் 35 கிலோ. நொடிக்கு 10 கன மில்லிமீட்டர் வேகத்தில் பொறி இடைவிடாமல் ஓடினாலும் 32 நாள். சுவரை மூன்று மில்லிமீட்டராக்கினால் ஐந்து கிலோவும் ஐந்து நாளும் போதும். நான்கில் ஒரு பங்கு உயரத்துக்குச் சுருக்கி, சுவரை இரண்டு மில்லிமீட்டராக வைத்தால் கால் கிலோவுக்கும் குறைவு, ஐந்து மணி நேரம். அருங்காட்சியகக் கடைகளில் விற்கும் பிரதிகள் ஏன் எப்போதும் சின்னவையாகவே இருக்கின்றன என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

முழு அளவுத் தாழி வேண்டுமென்றால், காருகுறிச்சியில் மண் பிசைகிறவரிடம் அளவைக் கொடுத்துவிடுவதே மேல் என்பது என் கருத்து. காய்ந்தும் சுட்டும் மண் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும் என்பதை அவர் கைக்கணக்கிலேயே சேர்த்து வனைவார். வருடல் அவருக்குக் கொடுக்கக்கூடியது சரியான குறுக்குவெட்டுக் கோடு ஒன்று. கழுத்து எங்கே ஒடுங்குகிறது, அடி எவ்வளவு கூம்புகிறது என்பதை ஒட்டு அட்டையில் வெட்டிக் கொடுத்தால் போதும்.

வெயிலையும் மறந்துவிடக் கூடாது. பி.எல்.ஏ. எனப்படும், சோளம் முதலியவற்றின் மாவுச்சத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக்தான் இழை முறையில் அதிகம் ஓடுவது. அது 60 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். சித்திரை மாதம் நெல்லை சந்திப்பில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் அதை வைத்துவிட்டுப் போனால், திரும்பி வருவதற்குள் தாழி தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்த மெழுகாகியிருக்கும்.

வடிவத்தோடு வராதவை

நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூணை முழு அளவில், ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் பி.எல்.ஏ.வில் அச்சிட்டதாக வைத்துக்கொள்வோம். தட்டினால் என்ன கேட்கும்? ஒரே வடிவமும் அளவும் உள்ள இரு தண்டுகளின் சுருதி, அவற்றின் பொருளுக்குள் ஒலி செல்லும் வேகத்தின் விகிதத்தில் அமையும். கருங்கல்லில் அந்த வேகம் நொடிக்கு நான்காயிரம் மீட்டருக்கு மேல்; இந்தப் பிளாஸ்டிக்கில் ஆயிரத்து எழுநூறு மீட்டர் அளவில். ஆகவே அச்சுத்தூணின் சுருதி ஒரு முழு ஸ்தாயிக்கும் கீழே இறங்கிவிடும். அதையும் நாம் கேட்கப் போவதில்லை. பிளாஸ்டிக் அதிர்வைத் தனக்குள்ளேயே தின்றுவிடுவதால் 'டொக்' என்ற ஓசையோடு அது நின்றுபோகும். தூணின் வடிவம் கல்லின் சுருதிக்காகத் தேர்ந்தது. கல் போனதும் அந்த வடிவத்துக்குக் காரணமே போய்விடுகிறது.

பத்தமடைப் பாய் இன்னொரு முனை. கோரையைக் கீறி, ஊறவைத்து, நெய்யும்போது ஏற்படும் நெகிழ்வுதான் பாய். அதை வருடினால் ஒரு கணத்தில் அது மடிந்து கிடந்த கிடை மட்டும் கிடைக்கும். அச்சிட்டால் சுருட்ட முடியாத ஒரு பலகை வரும்.

தேய்ந்த பல்சக்கரம்

பழம்பொருளைவிட அதிகமாக இந்தத் தொழில்நுட்பம் புழங்கப்போவது உதிரிபாகங்களில்தான். சங்கரன்கோவில், புளியங்குடிப் பக்கத்து விசைத்தறியில் ஒரு நைலான் பல்சக்கரம் பல் உடைந்து, அந்த மாதிரித் தறியின் உதிரிபாகம் சந்தையில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேன் செய்து அச்சிட்டுவிடலாம் என்பது முதலில் தோன்றும் யோசனை. ஆனால் வருடி, சக்கரம் இன்று இருக்கிறபடி அளக்கும். செய்தபோது இருந்தபடி அதற்குத் தெரியாது. தேய்மானத்தையும் உடைந்த பல்லையும் சேர்த்தே பிரதி எடுக்கும்.

இங்கே வருடலைவிட வெர்னியர் என்ற அளவுக்கருவியும் கொஞ்சம் கணக்கும் பயன்படும். பற்கள் 24; வெளிவிட்டம் அளந்தால் 51.6 மில்லிமீட்டர் வருகிறது. பல்சக்கரத்தின் வெளிவிட்டம் என்பது பற்களின் எண்ணிக்கையோடு 2-ஐக் கூட்டி, மாட்யூல் என்ற பல் அளவால் பெருக்கியது. மாட்யூல் 2 என்றால் 26 × 2 = 52. ஆக, சக்கரம் பிறந்தபோது 52 மில்லிமீட்டர், 0.4 மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது. இந்த ஒரு எண் கிடைத்துவிட்டால், பல்லின் வளைவைச் சூத்திரப்படி புதிதாக வரைந்து அச்சிடலாம். வருடல் தேவைப்படுவது, சூத்திரத்துக்குள் அடங்காத வளைந்த கைப்பிடி, மூடி, உறை ஆகியவற்றுக்கே.

எப்படி அச்சிடுகிறோம் என்பதும் பாகத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும். அடுக்குக்கு உள்ளே இழை தொடர்ச்சியாக ஓடுவதால் அத்திசையில் வலு அதிகம். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே வெறும் ஒட்டுதான். சக்கரத்தைப் படுக்கவைத்து அச்சிட்டால் பல் தாங்கும். நிறுத்திவைத்து அச்சிட்டால் சில பற்கள் அடுக்கு வரியிலேயே பிளந்து வந்துவிடும். விறகு பிளக்கிறவர் நார் ஓடும் திசையைப் பார்த்துக் கோடரி போடுவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே.

சிலையும் போலியும்

கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982-இல் திருடுபோன நடராசர் சிலை, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருந்தது கண்டறியப்பட்டு 2019-இல் திரும்ப வந்தது. இத்தகைய மீட்புகளில் அடையாளம் காணப் பெரிதும் கைகொடுப்பவை, திருட்டுக்கு முன்பு எடுத்த பழைய புகைப்படங்கள். மெழுகில் உருவம் செய்து, களிமண் போர்த்தி, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை ஊற்றிய பின் அச்சை உடைத்துவிடுவதால் ஒவ்வொரு செப்புத் திருமேனியும் தனியொன்று. பீடத்தின் அடிப்புறத்தில் வார்ப்பின்போது விழுந்த குழியும், திருவாசியின் ஒரு சுடர் வளைந்த விதமும் இன்னொன்றில் அப்படியே இராது. ஒரே ஒரு பக்கத்தைக் காட்டும் புகைப்படமே இவ்வளவு செய்ததென்றால், எல்லாப் பக்கமும் அளந்த வருடல் கோப்பு சிலைக்குக் கைரேகைப் பதிவாக இருக்கும்.

கத்தியின் மறுபக்கமும் உண்டு. தமிழ்நாட்டுச் சிலைத் திருட்டு வழக்குகளில் அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்ட சம்பவங்களும் வெளிவந்துள்ளன. இதுவரை போலியைக் கண்டுபிடிக்க ஒரு எளிய உதவி இருந்தது. அசலின் மேல் அச்செடுத்து வார்த்தால், உலோகம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு சுருங்கும். முக்கால் மீட்டர் உயரச் சிலையில் அது பதினொன்று முதல் பதினைந்து மில்லிமீட்டர் குறைவு, சாதாரண அளவுகோலிலேயே தெரியும். வருடல் கோப்பில் அந்த இரண்டு சதவீதத்தை முன்கூட்டியே கூட்டி, மெழுகுபோல் எரிந்துபோகும் பிசினில் அச்சிட்டு, அதை வைத்து வார்த்தால் உயரம் சரியாக வந்துவிடும். பிறகு உலோகக் கலவையையும், மேல்படிந்த களிம்பையும் ஆராய்ந்துதான் முடிவு சொல்ல முடியும். ஆகவே திருமேனிகளின் முழு நுணுக்கக் கோப்பை இணையத்தில் திறந்துவைப்பதும் பள்ளிப்பிள்ளைகள் பார்க்க எளிய கோப்பைத் திறந்துவைப்பதும் ஒன்றாகாது. இரண்டாவது தாராளமாகச் செய்யலாம். முதலாவதைப் பூட்டி வைப்பதே சரி.

சட்டம் எங்கே நிற்கிறது

1. நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள சிலை, காசு, கலைப்பொருள் ஆகியவை 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருள். தனியார் அவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது. பிரதி தொல்பொருள் ஆகாது. ஆனால் சுங்கத்தில் அசல்போல் தோன்றினால், அது தொல்பொருள் அல்ல என்ற இந்தியத் தொல்லியல் துறையின் சான்று கேட்கப்படும்.

2. பல நூற்றாண்டுப் பழமையான சிற்பத்துக்குப் பதிப்புரிமை இல்லை. இன்றைய சிற்பியின் படைப்புக்கு அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உண்டு. பொது இடத்தில் நிற்கும் சிலையை வரையவும் புகைப்படமெடுக்கவும் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கு முப்பரிமாணப் பிரதிக்கு நீளவில்லை.

3. உதிரிபாகத்தின் தோற்றம் பதிவுசெய்யப்பட்ட வடிவமைப்பு என்றால் 10 ஆண்டுகளும் நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு; அதன் இயங்குமுறைக்குக் காப்புரிமை இருந்தால் 20 ஆண்டுகள். பழைய தறியின் பல்சக்கரம் பெரும்பாலும் இவை எதற்குள்ளும் வராது.

பிரதியின் பக்கத்தில் இருக்க வேண்டிய சீட்டு

அருங்காட்சியகத்தில் அச்சிட்ட தாழி ஒன்று வைக்கப்படுமானால், 'மாதிரி' என்ற ஒற்றைச் சொல் போதாது. எந்த முறையில், எந்த ஆண்டில், எத்தனை மில்லிமீட்டர் நுணுக்கத்தில் வருடப்பட்டது. அசலுக்கு இது எத்தனையில் ஒரு பங்கு. எந்தப் பகுதி ஊகத்தால் நிரப்பப்பட்டது. அசல் இப்போது எந்த ஊரில் எந்த எண்ணின் கீழ் இருக்கிறது என்ற நான்கு வரிகள் வேண்டும். நிரப்பிய பகுதியை வேறு நிறத்தில் அச்சிடுவது அதைவிட நல்லது. உடைந்த பானையை ஒட்டும்போது விடுபட்ட துண்டைச் சற்று வெளிறிய நிறத்தில் நிரப்பும் பழக்கம் தொல்லியலாரிடம் ஏற்கெனவே இருப்பதுதான்.

அச்சிட்டது உடைந்தால் மறுபடி அச்சிடலாம். 108 படங்களும் அளவுகோல் தெரியும் அந்த ஒரு படமும் தொலைந்தால், சுருக்கி, அடைத்து, மெருகேற்றிய கோப்பிலிருந்து அவற்றைத் திரும்பப் பெற வழியில்லை. பெர்லினிலுள்ள ஒரு பொருளை வருடி அனுப்பச் சொல்லி யாராவது கேட்பார்களானால், அழகாக முடித்த எஸ்.டி.எல். கோப்பைக் கேட்பதற்கு முன்பு, சுருக்காத புள்ளித்திரளையும் மூலப் படங்களையும் கேட்டு வாங்கி, இரண்டு ஊர்களில் இரண்டு வட்டுகளில் வைக்க வேண்டும்.